கோழித்தூள் போடாத நூடில்ஸ்

கிருஷ்ணராஜுக்கு அம்மை போட்டபோது அவன் மனைவி ஷாமிளாவுக்கு ஏழாம் மாதம். தெரணியகலையிலிருந்து ஓடும் தனியார் பஸ் ஒன்றில் அவன் கண்டக்டர். எந்தப் பயணியிடமிருந்து தொற்றியதோ தெரியாது. ஒருநாள் காய்ச்சலோடு எழுந்தான், பொழுது சாய்வதற்குள் நெஞ்சிலும் முதுகிலும் நீர்க்கொப்புளங்கள் வந்துவிட்டன. வயிற்றுப்பிள்ளைக்காரி அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று, ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். ஷாமிளா உடனே அதே தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்த தாய் வீட்டுக்குப் போனாள். அவளுடைய தகப்பன் இருளப்பன் ஒரு துணிப்பையோடு கீழே இறங்கி மருமகனின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தார். கிருஷ்ணராஜுக்குத் தாய் தகப்பன் இல்லை. இருளப்பனுக்கோ சிறு வயதிலேயே அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் மாமனாரும் மருமகனும் கல்யாணமான நாளிலிருந்து நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. சண்டை எதுவும் கிடையாது. மரியாதை, கூச்சம், அவ்வளவுதான். "மாப்பிள்ளைக்கு டீ குடு" என்று இருளப்பன் மகளிடம் சொல்வார். "மாமாவ உட்காரச் சொல்லு" என்று அவன் மனைவியிடம் சொல்வான். இப்போது நடுவில் நின்று பேச ஷாமிளா இல்லை. ஒருவர் அடுப்படியிலும் ஒருவர் பாயிலுமாக, இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

இருளப்பன் கோயில் வேம்பிலிருந்து கொப்பு ஒடித்து வந்து வாசலில் செருகினார். ஆத்தா இறங்கும்வரை வீட்டுக்குள் மீன், இறைச்சி, முட்டை எதுவும் வரக் கூடாது. அடுப்பில் எண்ணெய் காயக் கூடாது, தாளிக்கக் கூடாது. பச்சரிசியைக் குழையவிட்டுக் கஞ்சி வைத்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். கிருஷ்ணராஜ் இரண்டு வாய் குடிப்பான், பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுவான்.

வாய்க்குள்ளும் கொப்புளம் என்பது உண்மைதான். ஆனால் அவனுக்குச் சோறு இறங்காததற்கு அது மட்டும் காரணமில்லை. கொப்புளம் தெரிந்த நாள்வரை அவனும் ஷாமிளாவும் ஒரே பாயில்தான் படுத்தார்கள். அவளுக்குத் தொற்றியிருந்தால்? வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு? வாசலில் யார் காலடி கேட்டாலும் கெட்ட செய்தி வருகிறதோ என்று அவன் தலையைத் தூக்கினான். இருளப்பனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை.

ஷாமிளாவுக்குச் சின்ன வயதில் ஒருமுறை உடம்பெல்லாம் போட்டது. அது அம்மைதான் என்றாள் தாய் வெள்ளையம்மா. கொப்புளமில்லாமல் சிவப்புச் சிவப்பாகப் போடும் மணல்வாரி என்றுதான் இருளப்பனுக்கு ஞாபகம். அம்மை என்றால் மறுபடி வராது, பயமில்லை. மணல்வாரி என்றால் பயப்படத்தான் வேண்டும். வாசலுக்கு வெளியே தள்ளி நின்று நடந்த வாக்குவாதம் முடியாமல், கடைசியில் வெள்ளையம்மா மகளைக் கூட்டிக்கொண்டு கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள்.

அன்று காலை முழுவதும் இருளப்பன், ரோட்டோரத்தில் இருந்த ஜுனைதீன் நானாவின் கடை வாசலிலேயே நின்றார். அந்தப் பக்கத்தில் டெலிபோன் இருந்தது அந்தக் கடையில்தான்.

"உள்ள வந்து குந்துங்க. நின்டா மட்டும் கோல் சுருக்கா வருமா?" என்றார் நானா.

"அம்மை போட்ட வீட்டுல இருந்து வாறேன் நானா. உள்ள வர மாட்டேன்."

மணி அடித்தது. நானா எடுத்துக் கேட்டுவிட்டு, ஒயரை இழுத்து ரிசீவரை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"அப்பா!" ஷாமிளாவின் குரல். "அது அம்மைதானாம்பா. முதுகுல இருக்கிற தழும்பப் பார்த்தாங்க, அம்மாகிட்ட எல்லாம் கேட்டாங்க. எனக்கு ஏற்கனவே பெப்பொல, அதான் இந்த அம்மை, வந்துட்டுதாம். டொக்டர் நோனா 'பய வென்ன எப்பா'ன்னு ரெண்டு தரம் சொன்னாங்க. பயப்பட ஒன்னுமில்லப்பா. புள்ள துடிப்பும் நல்லா இருக்காம்."

இருளப்பன் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கோயில் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

"அப்பா? இருக்கீங்களா? அவர் சாப்பிட்டாரா?"

"சாப்பிடுவாரு தாயி. இனி சாப்பிடுவாரு."

ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து காம்பராவுக்கு வந்தார். வாசலில் நின்று, வழக்கம்போல எதிரே இருந்த சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். "புள்ளைக்கு ஒன்னும் இல்லையாம். சின்ன வயசுல அதுக்குப் போட்டது அம்மைதானாம். வயித்துப் புள்ளையும் நல்லா இருக்காம்."

கிருஷ்ணராஜ் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான். போர்வை குலுங்கியது. இருளப்பன் தண்ணீர் எடுக்கப் போவதுபோல வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், தண்ணீர் விழும் பீலியடியில் தன் முகத்தையும் கழுவிக்கொண்டு மெதுவாகவே திரும்பினார்.

"மாமா."

இருளப்பன் திரும்பிப் பார்த்தார். காம்பராவில் வேறு யாருமில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறான்.

"பசிக்குது மாமா."

"என்ன சாப்பிடுறீங்க? சொல்லுங்க."

"கஞ்சி வேணாம். நூடில்ஸ்... தண்ணியா, சூப்பு மாதிரி."

அவர் மறுபடியும் கடைக்கு இறங்கினார். இரண்டு பக்கட் நூடில்ஸ், ஒரு கேரட், ஒரு லீக்ஸ். நானாவிடம் காரணம்கூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். ரப்பர் விறகு சடசடவென்று எரிந்தது. தண்ணீர் கொதித்ததும் ஒரு பக்கட்டை உடைத்துப் போட்டார். உள்ளே ஒரு சின்னத் தூள் பக்கட் இருந்தது. அதையும் கிழித்துக் கொட்டினார்.

பாயிலிருந்து குரல் வந்தது. "மாமா, கோழி வாசம் வருதே!"

இருளப்பன் கிழித்த பக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கொண்டையோடு ஒரு கோழிப் படம் அவரைப் பார்த்தது.

"ஐயோ, தாயே!" இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "ஆத்தா, தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிரு!" இடுப்புச் சாரத்தைத் தூக்கிக் கட்டி, கொதிக்கும் சட்டியைப் பழந்துணியால் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினார். பலா மரத்தைத் தாண்டிக் கொட்டிவிட்டு வந்தபோது லயத்து நாய்கள் மூன்றும் அவரைத் தாண்டி அங்கே ஓடின.

உள்ளே ஒரு சத்தம். வலியால் முனகுகிறான் என்று நினைத்து எட்டிப் பார்த்தார். கிருஷ்ணராஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்க வைக்காதீங்க மாமா. வாயெல்லாம் எரியுது."

"நான் எங்க சிரிக்க வைக்கிறேன்? ஆத்தாவுக்கே கோழி சூப்பு வச்சிட்டேனேன்னு நடுங்கிப் போயிருக்கேன்!" என்றவர், சொல்லி முடிப்பதற்குள் தானும் சிரித்துவிட்டார்.

சட்டியை மஞ்சள் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினார். இந்த முறை எதையும் தானாகச் செய்யவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டுச் செய்தார்.

"வெங்காயத்த வதக்க முடியாதே மாப்ள?"

"வதக்க வேணாம். பருப்போட அவிய விடுங்க. பூண்டும் ரெண்டு பல்லு போடுங்க. மிளகாய் மட்டும் வேணாம்."

"உங்களுக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"டிரைவரோட ரூம்ல இருந்த காலத்துல நான்தான் சமையல்."

இருளப்பனுக்கு அது புதிய செய்தி. கேரட்டையும் லீக்ஸையும் பொடிப்பொடியாக வெட்டினார். ஒரு கை மைசூர்ப் பருப்பு, வெங்காயம், பூண்டு, மஞ்சள், ஒரு துண்டு ரம்பை இலை, எல்லாவற்றையும் தேங்காயைப் பிழிந்த தண்ணிப்பாலில் போட்டார். பருப்பு கரைந்து பால் மஞ்சளாகத் தடித்ததும் காய்களைப் போட்டார். அவை வெந்த பிறகு நூடில்ஸ். தூள் பக்கட்டைக் கிழிக்காமலேயே வெளியே எறிந்துவிட்டார். கடைசியாகக் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி, பொங்கவிடாமல் இறக்கிக் கொஞ்சம் உப்புப் போட்டார்.

"ஆறட்டும். சூடா குடிச்சா வாய் எரியும்," என்று கிண்ணத்தைக் கையில் வைத்து ஊதினார்.

கிருஷ்ணராஜ் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டான். முதல் வாய்க்குக் கண்ணை இறுக்கினான். இரண்டாவது வாய் இறங்கியதும் நெற்றி தளர்ந்தது. வழுக்கிக்கொண்டு போன நூடில்ஸை மெல்ல வேண்டியிருக்கவில்லை. கிண்ணத்தைச் சாய்த்து அடியில் கிடந்த பருப்புத் தண்ணீரையும் குடித்தான்.

"இன்னும் இருக்கா மாமா?"

இருளப்பன் மறுபடியும் ஊற்றினார். அதையும் குடித்துவிட்டு, "நீங்க சாப்பிடலியே" என்றான்.

"நான் அப்புறம் சாப்பிடுறேன்."

"இப்பவே சாப்பிடுங்க. நேத்தும் நீங்க டீயோட இருந்தத நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

சட்டியில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, அவன் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து இருளப்பன் சாப்பிட்டார். தேங்காய்ப்பாலின் இனிப்பு நாக்கில் நின்றது. இவ்வளவு பசி தனக்கும் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஷாமிளா டெலிபோனில் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னான் கிருஷ்ணராஜ். அவர் முதலிலிருந்து சொன்னார். துடிப்பு நல்லா இருக்கிறது என்ற இடத்தை மட்டும் அவன் இன்னொரு தடவை கேட்டான்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனான். இருளப்பன் போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்து, இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்துச் சாய்ந்தார். மத்தியான மழைக்கு வானம் மூடிக்கொண்டு வந்தது. ரப்பர் பால் வாளியோடு திரும்பிய பெண்கள், உள்ளேயும் வெளியேயும் கேட்ட குறட்டைச் சத்தத்தைக் கேட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டு போனார்கள்.