சூப்பர்சார்ஜரே போதும் அத்தான்

பல் டாக்டர் மறுபடியும் ஒர்க்ஷாப்புக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் திருகாணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். இந்த வாரத்தில் இது நாலாவது தடவை. வேறு யாராவது என்றால் "அப்புறம் வாங்க சார்" என்று அனுப்பிவிடலாம். வந்தது அக்கா புருஷன். அக்கா புருஷனைப் பார்த்து அப்படிச் சொல்ல எந்தத் தம்பிக்கு வாய் வரும்?

திருகாணி என்பது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் ரேடியோ, ஃபேன், தையல் மெஷின் என்று வீட்டில் ஒன்று விடாமல் கழற்றிப் போட்ட புண்ணியவான் அவன். இப்போது வயது முப்பத்தெட்டு, சொந்த ஒர்க்ஷாப். இஞ்சின் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அவனிடம் கொடுக்கலாம் என்று ஊரில் பேர். அந்தப் பேர்தான் இப்போது அவன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

டாக்டருடையது முப்பது வருஷத்துக்கு முந்தின ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, மடக்குகிற கூரை, நீள மூக்கு. சும்மா சொல்லக்கூடாது, நின்றால் அழகு. ஓடினால்தான் மானம் போகிறது.

"மேட்டுல ஒரு ஸ்கூல் வேன் என்னை ஓவர்டேக் பண்ணுது மாப்ளே. உள்ள இருக்கிற பொடிசுங்க எனக்கு டாட்டா காட்டுது!" என்று ஒரு மாதம் முன்னால் வந்து புலம்பினார். அன்றைக்குப் பிடித்தது சனி. இஞ்சினுக்குக் கூடுதலாகக் காற்றை அழுத்தி ஊட்டினால் பலம் கூடும், அதை எதை வைத்து ஊட்டுவது, டர்போவா சூப்பர்சார்ஜரா? சாப்பிடும்போதும் அதே பேச்சு, நோயாளி வாயைத் திறந்துகொண்டிருக்கும்போதும் அதே நினைப்பு.

டாக்டர் டர்போ கட்சி. "என் கையில இருக்கிற ட்ரில்லும் காத்துலதானே சுத்துது? டர்போவும் அதே குடும்பம். வீணாப் போற புகையிலேயே சுத்தி வேலை செய்யுது. சம்பளம் கேக்காத வேலைக்காரன்."

"சரிதான் அத்தான். ஆனா அந்த வேலைக்காரன் கூப்பிட்டதும் வரமாட்டான். மிதிச்சு ஒரு மூச்சு விட்டப்புறம்தான் வருவான், வந்தா மொத்தமா வந்து விழுவான். வளைவுல விழுந்தான்னா நீங்க பள்ளத்துல. அது போக, பக்கத்துல ஒரு அடுப்பை வெச்ச மாதிரி சூடு. சூப்பர்சார்ஜர் இஞ்சினோட பெல்ட்டுலேயே ஓடுது. கால் வெச்சதும் இழுக்கும். இஞ்சினை நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்துக்கு மேல ஏத்தவே வேண்டாம்."

"பெல்ட்டைச் சுத்தவே இஞ்சின் பலம் கொஞ்சம் போயிடுமே?"

"போனா போகுது. ஏத்தவே வேண்டாம் பாருங்க, அதான் முக்கியம்."

அவன் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அப்படித்தான் போட்டிருக்கும். ஆனால் "ஏத்தவே வேண்டாம், ஏத்தவே வேண்டாம்" என்று ஏன் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ரெண்டு வருஷம் முன்னால் அந்த இஞ்சினை முழுசாகப் பிரித்து மாட்டியவன் அவன்தான். பிஸ்டனைத் தாங்குகிற ராடுகள் நாலு, ராடுக்கு ரெண்டு போல்ட், ஆக எட்டு. இந்த போல்ட்டுகளை ஒரு தடவை முறுக்கினால் லேசாக நீண்டுவிடும். கழற்றினால் குப்பையில் போட வேண்டும், திரும்பப் போடக்கூடாது. அது தொழிலில் அரிச்சுவடி. புது போல்ட் வர ஒரு வாரம் தாமதம். அக்காவும் அத்தானும் கடற்கரைக்குக் கிளம்ப நாள் குறித்தாயிற்று. "இப்போதைக்குப் பழசைப் போடுவோம், வந்ததும் மாத்திடலாம்" என்று முறுக்கினான். அப்புறம் கடைக்காரன் அளவு மாற்றி அனுப்பினான், இவன் திருப்பி அனுப்பினான், இன்னொரு வண்டி வந்தது, இன்னொன்று வந்தது. "எல்லாம் புதுசுதானே மாப்ளே?" என்று அத்தான் கேட்டபோது "எல்லாம் புதுசு" என்றான். ரெண்டே வார்த்தை!

இத்தனை நாள் அவனைத் தூங்க வைத்தது அத்தானுடைய கால். மனுஷன் நாலாயிரம் சுத்தைத் தாண்டினதில்லை. அந்த வேகத்தில் பழைய போல்ட் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஏழாயிரத்தில், மீட்டரில் இதற்கு மேல் போகாதே என்கிற சிவப்புக் கோட்டில், அதே போல்ட்டின் மேல் மூணு மடங்கு இழுப்பு. ஒன்று அறுந்தால் ராடு இஞ்சினைப் பொத்துக்கொண்டு வெளியே வரும், ஆயில் டயரில் கொட்டும். அந்த வேகத்தில் ஆயில் டயர்.

செவ்வாய்க்கிழமை புது போல்ட்டுக்கு ஆர்டர் போட்டிருந்தான். திங்கட்கிழமை வரும். சூப்பர்சார்ஜர் மாட்டுகிற சாக்கில் அடியில் ஆயில் பாத்திரத்தை இறக்கி, எட்டையும் மாற்றிவிட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது.

"நீ ஜெயிச்சுட்டே மாப்ளே, சூப்பர்சார்ஜரே போதும்" என்றார் டாக்டர். "வேற எவனாவது இருந்தா எது லாபமோ அதைத் தலையில கட்டியிருப்பான். நீ எனக்கு எது நல்லதுன்னு பார்த்தே."

திருகாணிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். சிரித்து வைத்தான்.

"நாளைக்குக் காலைல மலை ரோட்டுக்குப் போறேன். இப்ப நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எழுதி வெச்சாத்தானே, மாட்டினப்புறம் வித்தியாசம் தெரியும்? சிவப்புக் கோடு வரைக்கும் விட்டுப் பார்க்கணும். உங்க அக்கா ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறா."

"அக்காவா?"

"பின்ன, நானே ஓட்டி நானே பிடிக்கவா?"

"வேண்டாம் அத்தான். டயரு பழசு."

"போன மாசம் நீதானே மாத்தினே?"

"பிரேக்கு..."

"அதையும்தான்."

"வண்டியை இன்னிக்கே விட்டுட்டுப் போங்க, கழட்ட ஆரம்பிக்கிறேன்."

"மாட்டுற சாமானை இன்னிக்கு ஆர்டர் போட்டாலும் புதன்கிழமைதானே வரும்? என்னாச்சு உனக்கு, காய்ச்சலா?" அவர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக அவன் ஒவ்வொரு சாக்காகச் சொல்லிக்கொண்டிருக்க, அந்த அப்பாவி மனுஷனுக்குக் குதிரைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. சாவியை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அப்போதே பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். அடப்பாவி, ஓடவில்லையே! சொன்னால் அத்தான் முகம் எப்படிப் போகும், ஊரில் பேர் என்னாகும் என்று ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரெண்டு வருஷம் தாங்கினது ஒரு காலை தாங்காதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்தச் சமாதானம் தீர்ந்துவிட்டது. அத்தானுக்கு போன் போட்டான். எடுக்கவில்லை. அக்காவுக்குப் போட்டான். எடுக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். ஒன்பதாவது தடவை அக்கா எடுத்தாள். காற்று இரைந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டேய் திருகாணி! பதினொண்ணரை செகண்டுடா! ரெண்டு வாட்டி போயாச்சு, முள்ளு சிவப்புலேயே நிக்குது. உன் கை ராசின்னு அவருக்கு ஒரே பெருமை. இன்னும் ஒரு வாட்டி போகலாம்கிறார், இரு."

உயிரோடு இருக்கிறாள். ரெண்டு தடவை தாங்கிவிட்டது. மூணாவதும் தாங்கும், நாளைக்கு போல்ட் வந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஆமாம், அந்த நேரத்திலும் அவனுக்கு அந்தப் புத்தி வந்தது. ஆனால் போல்ட் எந்தத் தடவை அறுபடும் என்று யாரிடமும் சொல்லிவிட்டு அறுபடுவதில்லை.

"அக்கா, வண்டியை விட்டு இறங்கு."

"என்னடா?"

"இறங்குக்கா! அத்தானையும் இறங்கச் சொல்லு. சாவியை எடு. இஞ்சினுக்குள்ள பழைய போல்ட்டுதான் இருக்கு. நான் மாத்தலை. மாத்தினேன்னு பொய் சொன்னேன்."

போனில் இஞ்சின் சத்தம் நின்றது.

இழுவை வண்டியை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தான். ரெண்டு பேரும் ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். கார் பத்தடி தள்ளி, எதுவும் நடக்காத மாதிரி வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். போல்ட், கடற்கரைப் பயணம், அளவு மாறி வந்தது, திங்கட்கிழமைத் திட்டம், ஒன்று விடாமல்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சூப்பர்சார்ஜர் போடச் சொன்னியே. அது எனக்காகச் சொன்னதா, அந்த போல்ட்டுக்காகச் சொன்னதா?"

"போல்ட்டுக்காக."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால்கூடத் திருகாணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஸ்டாப்வாட்ச் நான் பிடிக்கப் போறேன்னு நேத்து சாயங்காலம் இவர் உன்கிட்ட சொன்னாரா?" என்று அக்கா கேட்டாள்.

"சொன்னார்."

"அப்புறம் தூங்கினியா?"

"இல்லக்கா. பொட்டுத் தூக்கம் இல்ல."

"தூங்காம இருந்தே. போன் பண்ணலை."

அவன் இழுவை வண்டியின் கொக்கியை எடுக்கக் குனிந்தான்.

அக்கா எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். கார் சாவியை அவன் கையில் கொடுக்காமல் சுவர்மேல் வைத்தாள். "வாங்க, கீழ பஸ் வரும்" என்று புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள். இழுவை வண்டியின் முன் சீட்டில் மூணு பேர் தாராளமாக உட்காரலாம்.