ஒப்புதல் கட்டம்

எழிலரசிக்குப் புதுச் சாமான் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் போதும், சோறு தண்ணி மறந்துவிடும். இந்த முறை கிடைத்தது மிக்ஸியோ தையல் மிஷினோ இல்லை. தன்னந்தனியாக உட்கார்ந்து செயலி எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைத் திட்டமிட்டுக்கொள்வதற்கென்றே யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் செய்து வைத்திருந்த பலகை.

பெரிய வேலையைச் சின்னச் சின்னதாக உடைத்து, ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். 'செய்ய வேண்டியது', 'செய்வது', 'முடிந்தது' என்று மூன்று கட்டங்கள். நடுக்கட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு சீட்டுக்குத்தான் இடம். இரண்டாவதைக் கொண்டுபோனால், கையில் இருப்பதை முதலில் முடி என்று கறாராகத் திருப்பி அனுப்பிவிடும். நாம் போகிற வேகத்தைப் பார்த்து, மொத்த வேலையும் என்றைக்கு முடியும் என்று மேலே ஒரு தேதியும் காட்டும். ஜோசியக்காரர் தோற்றார்!

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன், தேதி சொல்லுது!" என்று சமையற்கட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்த கணவனைக் கூப்பிட்டாள். வளவன் தோசைத் திருப்பியோடு வந்து எட்டிப் பார்த்தான். பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் ஒரு தேதி பச்சை நிறத்தில் மின்னியது.

"முடிச்சிடுவியா எழிலு?"

"இது சொல்லுதே, அப்புறம் என்ன!"

அந்தத் தேதியின் அருமை இருவருக்கும் தெரியும். சென்னையில் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்கிறேன் என்று போன வருடம்தான் மலையடிவாரத்து வேங்கிக்கால் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் எழிலரசி. வந்ததும் மல்லாட்டைக்கு, அதுதான் நிலக்கடலைக்கு, விலை சொல்லும் செயலி ஒன்றை ஆரம்பித்தாள். பாதியில் நின்றது. அடுத்து ஆட்டோக்காரர்களுக்கு ஒன்று. அது பாதியைக்கூட எட்டவில்லை. இப்போது பழைய கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது, பௌர்ணமிக்கு மறுநாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது எழுதும் மூன்றாவது செயலியும் கவிழ்ந்தால் போய்விடுகிறேன் என்று அவளேதான் வாக்குக் கொடுத்திருந்தாள். போனால் வாரம் முழுக்க சென்னை ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வீடும் புருஷனும். நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

செயலி என்னவோ நல்ல யோசனைதான். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்கு முழு நாள் அறை எதற்கு? குளித்து, துணி மாற்றி, காலை நீட்டிக் கொஞ்சம் தூங்க நாலு மணி நேரம் போதாதா? அப்படிச் சில மணி நேரத்துக்கு மட்டும் அறை பிடித்துக் கொடுக்கும் செயலி. தேரடித் தெருப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் இருசப்பனைப் பார்த்துப் பேசியிருந்தாள்.

"ஒரு ரூம் தரேம்மா. இந்தப் பௌர்ணமிக்கு வேல செஞ்சா மேல பேசலாம். இல்லன்னா என்ன ஆள வுட்டுடு. அன்னிக்கு எனக்கு ரோதன ஜாஸ்தி" என்று இருசப்பன் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு நாள் பலகை பறந்தது. ஒரு சீட்டை 'முடிந்தது' கட்டத்துக்கு இழுத்துப் போடும்போதெல்லாம் எழிலரசிக்கு உடம்பு சிலிர்த்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வந்து அந்தச் சீட்டை இன்னொரு தரம் பார்த்துப் பூரித்துப்போவாள். பிறகுதான் சனி பிடித்தது. அதையும் அவளேதான் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள்.

சென்னையில் அவள் எழுதிய ஒரு வரி வெளியே போக வேண்டுமென்றால் அதை நாலு பேர் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். எட்டு வருடப் பழக்கம் லேசில் போகுமா? யாருமே பார்க்காமல் ஒரு வேலை எப்படி 'முடிந்தது' ஆகும் என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பலகையின் மூலை முடுக்கெல்லாம் துழாவி, 'ஒப்புதல்' என்று ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்துச் சேர்த்தாள். இன்னொருவர் சரி என்று சொன்னால்தான் சீட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும். அந்த இன்னொருவராக வளவனைப் போட்டாள். தனி ஆளுக்கென்று செய்த பலகையில் மேலதிகாரியைத் தேடிய மகராசி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வளவனோ ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். கோப்பு என்றால் உயிர். ஒரு எழுத்து பிசகினாலும் விடமாட்டான், அதற்காகவே அங்கே அவனுக்கு நல்ல பெயர். பெண்டாட்டி தன்னை நம்பிக் கொடுத்த பொறுப்பாயிற்றே என்று மதிய இடைவேளையில் டிபன் டப்பாவைக்கூடத் திறக்காமல் போனில் சீட்டுகளைப் பார்த்தான்.

முகப்புப் பக்கத்தின் நிறம் பற்றிய சீட்டு, 'மாற்று நிறங்கள் இரண்டுடன் மறுசமர்ப்பிப்பு செய்க' என்று திரும்பி வந்தது. அறைகளின் படம் பற்றிய சீட்டில், 'விடுதி உரிமையாளரின் இசைவுக் கடிதம் இணைக்கப்படவில்லை.' அறையை உறுதிசெய்து ஆளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சீட்டில், 'உறுதி அளிப்பவர் யார்? பெயர் காணப்படவில்லை. விளக்கம் தேவை.'

எழிலரசி விளக்கம் எழுதினாள். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டு வந்தது. நடுவில் அவனுக்கு அலுவலகத்தில் ஆய்வு என்று இரண்டு நாள் சீட்டுகளை யாரும் தொடவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் பலகையைத் திறந்தால், மேலே இருந்த தேதி பௌர்ணமியைத் தாண்டிப் போய்ச் சிவப்பாகச் சிரித்தது.

அவளுக்குப் பகீர் என்றது. சட்டை மாட்டிக்கொண்டிருந்த வளவன்மேல் பாய்ந்தாள்.

"ஏங்க, கலருக்கெல்லாமா மறுசமர்ப்பிப்பு கேப்பாங்க? நான் என்ன பட்டா மாத்தவா வந்திருக்கேன்?"

வளவன் பொத்தானைப் போடாமல் நின்றான். "நீதான எழிலு பாக்கச் சொன்ன? பாக்காம கையெழுத்துப் போட எனக்குத் தெரியாது."

"அதுக்காக?"

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். கோவப்படாத. அந்த ரூமு விஷயத்துல நாளைக்கு ஒரு தகராறு வந்தா, ஆமா, இவங்களுக்குத்தான்னு யாரு சொல்றது? நானா? எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதே. உன்ன வுட்டா யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். எழிலரசி நாற்காலியில் உட்கார்ந்து, 'உறுதி அளிப்பவர் யார்?' என்று சீட்டில் இருந்த கேள்வியை மறுபடி படித்தாள். மனுஷன் நூறு சொத்தைக் கேள்வி கேட்டான், இது ஒன்று மட்டும் சொத்தை இல்லை.

அமைப்புகளுக்குள் போய் ஒப்புதல் கட்டத்தை நீக்கு என்று அழுத்தினாள். 'இனி எல்லா முடிவும் உங்களுடையது. தொடரலாமா?' என்று பலகை கேட்டது. சாமியைக்கூடக் கும்பிடாமல் 'ஆம்' என்று அழுத்திவிட்டாள். கட்டம் மறைந்தது. திரும்பி வந்து கிடந்த சீட்டுகளில் பாதி அவசியமே இல்லை என்று இப்போது பளிச்சென்று தெரிந்தது. நிறம் போ, படம் போ என்று தூக்கி எறிந்தாள். அறை, நேரம், உறுதி. இந்த மூன்றும் இருந்தால் செயலி நடக்கும். உறுதி அளிப்பவர் என்ற இடத்தில் தன் பெயரையும் போன் நம்பரையும் தட்டினாள். தேதி இடம் மாறி, பௌர்ணமிக்கு முந்தின நாளில் வந்து பச்சையாக நின்றது. எழிலரசி தனியாக வீட்டில் கைதட்டினாள்.

பிறகு தலைக்கு மேல் வேலை. சொன்ன தேதிக்கு முடித்தும்விட்டாள்.

பௌர்ணமியன்று மத்தியானமே பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கியது. இருசப்பனின் லாட்ஜ் வரவேற்பு மேசை ஓரமாக எழிலரசி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் அரை நாள் லீவு போட்ட வளவன். திடீரென்று போன் அதிர்ந்தது. அருணாதேவி என்று ஒருவர், மூன்று பேர், மாலை நான்கிலிருந்து எட்டு வரை ஓர் அறை. எழிலரசி வளவனின் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் அவன் கண்ணாடி கீழே விழுந்தது.

நான்கு அடிக்கும் நேரம் பார்த்து, காரில் வந்து இறங்கிய ஒரு ஆள் மேசையைத் தட்டினார். ஒரு முழு நாளுக்கு அறை வேண்டும், கேட்கிற வாடகை தருகிறேன் என்றார். அறையெல்லாம் நிரம்பிவிட்டது. இருசப்பனின் கை, செயலிக்கென்று ஒதுக்கிய அறையின் சாவிமேல் போனது.

அதே நேரத்தில் ஒரு பெண்மணி பையும் பிள்ளைகளுமாக மூச்சு வாங்கப் படியேறி வந்தார். "போன்ல ரூம் போட்டிருந்தேங்க. அருணாதேவி."

இருசப்பன் எழிலரசியின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "அம்மா, இவங்களுக்கு வேற எடம் சொல்லிடலாமா? மொத தபாதான, யாரு கேக்கப் போறா?"

எழிலரசி சட்டென்று வளவன் பக்கம் திரும்பினாள். அவன் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான், வேண்டுமென்றே. இருசப்பனைப் பகைத்துக்கொண்டால் செயலியும் போச்சு, வீடும் போச்சு.

"முடியாதுங்க. அது இவங்க ரூம். உறுதின்னு சொன்னது நான்" என்றாள். குரல் சத்தமாகத்தான் வந்தது.

காரில் வந்தவர் முறைத்தார். இருசப்பன் சாவியை எடுத்து அருணாதேவியிடம் நீட்டினார். "மாடியில ரெண்டாவது ரூம்மா. சுடுதண்ணி வரும்."

காரில் வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறியதும், "அந்த ஆள வுட்டது எனக்கு நஷ்டந்தான்" என்று இருசப்பன் பெருமூச்சு விட்டார். "ஆனா சொன்னா சொன்னதுன்னு நிக்கிற. அடுத்த பௌர்ணமிக்குக் கீழ்த்தளம் பூரா உன் செயலியிலயே போட்டுக்கோ."

எழிலரசி வாசலுக்கு ஓடினாள். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே நின்றபடி, வேலைக்கு வரவில்லை என்று சென்னைக்குப் பதில் எழுதினாள். எழுதியதை யாரிடமும் படித்துக்காட்டவில்லை. அனுப்பிவிட்டாள்.