அட்டைப்படத்து டைபீரியஸ்

“புஸ்தகத்துல என்ற பேரையும் போடோணுங்க சார்.”

கேட்டே விட்டாள் மயிலாள். கம்பெனிக்கு மேல்மாடியில் இருந்த முதலாளி வீட்டில் வாய் திறந்து எதையும் கேட்கக் கூடாது என்று அம்மா கருப்பாத்தாள் காலையில்தான் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மாவுக்கு அவர் ‘சாமி’. மகள் ‘சார்’ என்று கூப்பிட்டாலே ஓடிவந்து வாயைப் பொத்துவாள்.

பனியன் கம்பெனி முதலாளி அப்புசாமி, அச்சகத்திலிருந்து வந்த புரூப் தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்தார். ‘கொங்கு நாட்டு ரோமானியக் காசுகள். தொகுத்தவர்: எஸ். அப்புசாமி.’ பொங்கலூர்த் தோட்டத்துக் கிணற்றில் பானையோடு கிடைத்ததும் வியாபாரிகளிடம் பிடித்ததுமாக இருநூற்றுப் பதினான்கு காசுகள். பாதிக்கு மேல் எழுத்துத் தேய்ந்து போனவை. முகத்தை மட்டும் வைத்து இன்ன ரோமானிய ராஜா என்று ஆளைப் பிரித்தவள் மயிலாள். எழுபது வயதிலும் இளவட்டமாகவே நிற்பவன் அகஸ்டஸ். நீளக் கழுத்து கிளாடியஸ். தொங்குகிற தாடை நீரோ. துணியில் இழை எண்ணுகிற மடக்குக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து மூன்று வருஷம் பார்த்திருந்தாள். ஊருக்கு அவள் செக்கிங் செக்‌ஷன் பெண்.

சென்னை அருங்காட்சியகத்துக் காசுப் பிரிவு வேலைக்கு நடந்த நேர்முகத்தில், “அச்சில் வந்த வேலை ஏதாவது உண்டா?” என்று கேட்டிருந்தார்கள். காட்ட ஒரு மாதம் அவகாசம். இந்தப் புத்தகத்தில் பேர் வந்தால் அந்த வேலை. வராவிட்டால் சாகிறவரை பனியனில் ஓட்டை தேட வேண்டியதுதான்.

“ஏங் கண்ணு,” என்று சிரித்தார் அப்புசாமி. அவருக்குக் குரலே உயராது. “அந்தக் கெணறு வெட்டுனது உங்கொப்பன் நல்லான். கெணத்து மேல அவம் பேரா எழுதியிருக்குது?”

“அதையும் கேக்கும் மாமா. பி.ஏ. அல்லோ?” என்றார் சோபாவில் இருந்த மச்சினர் சுப்பண்ணன். “ஏம்புள்ள, ஆரு உன்னயப் படிக்க வெச்சது?”

“சர்க்கார் ஸ்காலர்ஷிப்புங்க.”

சுப்பண்ணன் கையில் இருந்த முறுக்கை நறுக்கென்று கடித்தார்.

“உடுங்க மாப்ள. வித்தையப் பாருங்க. கிளி சீட்டெடுக்கறதாட்ட அது பட்டுனு சொல்லீரும்.” அப்புசாமி சின்ன டப்பாவைத் திறந்து ஒரு தங்கக் காசை அவள் பக்கம் தள்ளினார். “போன வாரம் மதுரைப் பார்ட்டிகிட்டப் புடிச்சது. இதுதான் அட்டைப்படம். ஆரு, சொல்லு?”

மயிலாள் நின்றபடியே கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். நேர் மூக்கு, முன்னால் வந்த முகவாய். டைபீரியஸ். தலைமுடிக்குப் போனதும் கண் நின்றது.

ரோமானிய வேலைக்காரன் முடியைக் கோடு கோடாக இழுத்திருப்பான். இது புள்ளி புள்ளியாக ஓடியது. பாத்திரம் செய்கிற அனுப்பர்பாளையத்தில் குடம் வாங்கினால் உளியால் டொக் டொக்கென்று பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அதே புள்ளி, அதே இடைவெளி. எவனோ பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவன் வார்த்தெடுத்த போலிக் காசின் மழுங்கிய மண்டைக்கு ராஜ முடி வாரிவிட்டிருக்கிறான். இங்கிருந்து ஆறு மைலில் செய்த சரக்கு மதுரைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

சொல்ல வாயெடுத்தாள். மூன்று வருஷப் பழக்கம். நிறுத்திக்கொண்டாள்.

“கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல போட்டாலும் போதுங்க சார்.”

“உன்ற பேரப் போட்டா ஆருன்னு கேப்பாங்க. ஊருக்கு வெளிய இருக்கற வளவுப் புள்ளைன்னு சொன்னா, அந்தப் புஸ்தகத்த எவன் ஊட்டுக்குள்ள வெப்பான்? நீயே சொல்லு கண்ணு.”

அந்தக் ‘கண்ணு’தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“நாளையிலிருந்து நீ மேல வர வேண்டாம்,” என்றார், அதே இதத்தோடு. “உங்கம்மாகூட ஒக்காந்து வேஸ்ட் பிரி. இப்பச் சொல்லு, இது ஆரு?”

மயிலாள் கண்ணாடியை மடக்கினாள்.

“டைபீரியஸுங்க. இத்தன தெளிவா முடி உழுந்த காசு நம்மகிட்ட இன்னொண்ணு இல்லீங்க சார். அட்டை பூராவும் பெருசாப் போடுங்க.”

“பெருசுன்னா?”

“ஒவ்வொரு முடியும் தெரியோணுங்க.”

“பாத்தீங்களா மாப்ள!” அப்புசாமி தொடையைத் தட்டினார்.

அவள் படியிறங்கினாள். வெளியீட்டுக்குக் கோயமுத்தூரிலிருந்து காசு சேகரிக்கிறவர்கள் நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். ஆளுக்கொரு பூதக்கண்ணாடி சட்டைப்பையில் இருக்கும். அட்டையில் அந்தப் புள்ளிகளைப் பார்த்த பிறகு உள்ளே உள்ள எதையும் எவனும் நம்ப மாட்டான். அவளுடைய மூன்று வருஷமும் அதோடு சேர்ந்து நாறும். நாறட்டும். நாலு பேர் அவரைப் பார்த்துச் சிரித்த கோபம் கம்பெனி லைன் வீட்டில் இருக்கிற அம்மாவின் தலையிலும் விடியும். அதையும் நினைத்துப் பார்த்தாள். கால் நிற்கவில்லை.

கீழே கட்டிங் வேஸ்ட் துணிக் குவியலுக்கு நடுவிலிருந்து கருப்பாத்தாள் தலை தூக்கினாள். பஞ்சு ஒட்டிய முகம்.

“சாமிகிட்ட என்னத்தையாச்சும் கேட்டுப் போட்டயா?”

“இல்ல. அவருதான் கேட்டாரு. சொல்லிப் போட்டேன்.”

“எங்கடி போற? ஷிப்ட் முடியலையே!”

மயிலாள் கேட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள்.