ஒன்பது டேக்

என் பட்டறையில் எவனோ சதி செய்கிறான் என்று நான் மோப்பம் பிடித்தது ஆனி மாதம். நாரணாபுரம் ரோட்டில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். பட்டாசு காயவைக்கும் மரத்தட்டு செய்வது தொழில். சாத்தூர் கம்பெனி ஒன்றுக்கு முந்நூறு தட்டு சீசனுக்குள் கொடுத்தாக வேண்டும். பிந்தினால் ஆர்டர் எதிர்ப்பட்டறை சோணைமுத்துவிடம் போய்விடும்.

மேசை ரம்பம் என்னிடம் இல்லை. கையில் பிடித்து அறுக்கும் ரம்ப மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து, பழைய மேசைக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கினேன். பிளேடு மட்டும் மேலே எட்டிப் பார்த்தது. மறைக்கிறதே என்று அதன் மூடியைக் கழற்றி எறிந்தேன். விரலால் அமுக்கிப் பிடித்தால்தான் ஓடும் அதன் சுவிட்சை, ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக்கால் இறுக்கிக் கட்டினேன். இனி சுவர் போர்டில் தட்டினால் போதும், ஓடும். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

கூட வேலை பார்த்தவன் யோபு. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு மரவேலைக்கு வந்தவன். முதல் நாளே முனகினான்.

“அண்ணாச்சி, சுவிச்சக் கட்டாதீக. கைய எடுத்தா மெஷின் நிக்கணும்.”

“ஏலே, நீ மருந்து கலந்தவன். மெஷினப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத” என்றேன். அவன் பலகை தூக்கப் போய்விட்டான்.

எங்கள் பக்கம் பகலில் கரண்டு போய்ப் போய் வரும். போனால் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவோம். போர்டில் ஒரு சுவிட்சையும் அணைக்க விடமாட்டேன். லைட் எரிந்தால்தானே கரண்டு வந்தது தெரியும்? முதல் தடவை நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ரம்பம் தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

“பாத்தியாலே, நமக்கு முந்தி அது வேலைக்கு வந்துருச்சு” என்று சிரித்தேன். யோபு சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது வினை. டீ குடித்துவிட்டு வந்தால் லைட் எரியும், ஃபேன் சுற்றும், ரம்பம் மட்டும் அசையாது. குனிந்து பார்த்தால் டேக் அறுந்து கிடக்கும். முதலில் எலி என்று நினைத்தேன். இரண்டாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கத்திரியால் வெட்டிய வெட்டு, வழுவழுவென்று இருந்தது. எந்த எலி கத்திரி வைத்திருக்கிறது?

அறுந்த டேக்குகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தேன். நாளைக்கு நாலு பேர் முன்னால் வைக்க சாட்சி வேண்டுமே. யோபுவைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். கரண்டு போனதும் நான் முதலில் வெளியேறுவேன். அவன் எப்போதும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் வருவான். ஒரு நாள் டீக்கடையில் சோணைமுத்துவோடு தலையாட்டிப் பேசிக்கொண்டிருந்தான். சதி யாருடையது என்று எனக்கு விளங்கிவிட்டது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அருணாதேவி சோற்றைப் போட்டுக்கொண்டே, “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். யோபுவக் கூப்பிட்டுக் கேட்டீகளா?” என்றாள்.

கேட்பதாவது! டப்பாவில் எட்டு சேர்ந்தபின் ஒரு நாள் கரண்டு போனதும், டீக்கடைக்குப் போவதுபோலப் போய் உடனே திரும்பினேன். மேசைக்கு அடியில் குனிந்திருந்தான். கையில் கத்திரி, தரையில் ஒன்பதாவது டேக்.

“எம்புட்டுலே குடுக்கான் சோணைமுத்து?”

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி முழித்தான். “அவுக யாரு எனக்குக் குடுக்க? அண்ணாச்சி, கரண்டு வந்துச்சுன்னா...” என்று தொடங்கினான். முடிக்க விடவில்லை. அவன் துண்டை எடுத்து ரோட்டில் எறிந்தேன். குனிந்து எடுத்துக்கொண்டு போனான். அறுந்ததை டப்பாவில் சேர்த்துவிட்டு, புது டேக்காக இரண்டு போட்டுக் கட்டினேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள், பாதிப் பலகை அறுக்கும்போது கரண்டு போனது. பிளேடைப் பலகை கவ்விக்கொண்டது. ஆள் இல்லை, தட்டோ இன்னும் நாற்பது பாக்கி. டீக்குப் போகாமல், இடது கையைப் பிளேடுக்குப் பக்கத்தில் கொடுத்துப் பலகையை அசைத்து இழுத்தேன். பலகை விடுபட்டது. தலைக்கு மேல் ஃபேன் முனகியது. அது கரண்டு வந்த சத்தம் என்று புரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நடுவிரலும் மோதிர விரலும் போயின. ஆஸ்பத்திரிக்கு யோபு பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு வந்தான். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறான் என்றுதான் அப்போதும் முதலில் நினைத்தேன். என் புத்தி அப்படி.

“ஏம்லே என்கிட்ட சொல்லல?” என்றேன்.

“முத நாளே சொன்னேன், வைஞ்சீக. எங்க கம்பெனில சாப்பாட்டு மணி அடிச்சாலும், மருந்த அப்படியே போட்டுட்டு யாரும் அறைய விட்டு வரக்கூடாது. கை இல்லாத நேரத்துல எதுவும் உசுரோட கெடக்கக் கூடாது. எனக்கு அந்தப் பழக்கம் போகல அண்ணாச்சி.”

அருணாதேவி வீட்டிலிருந்து துணிப்பையோடு அந்த பிஸ்கட் டப்பாவையும் கொண்டு வந்திருந்தாள். திறந்து என் மடியில் கவிழ்த்தாள். யோபுவுக்கு எதிராக நான் சேர்த்த சாட்சி. ஒன்பது டேக். ஒன்பது தடவை அவன் என் கையைக் காப்பாற்றியிருக்கிறான். பத்தாவது தடவைக்கு அவனை நான்தான் ரோட்டில் நிறுத்திவிட்டேன்.

டேக்குகளைப் பொறுக்கித் திரும்ப டப்பாவில் போடப் பார்த்தேன். வலது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது; கட்டுப் போட்ட இடது கைக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. யோபுதான் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்.