பின்வாசலில் பத்து நிமிடம்

பிள்ளை பிறந்து நான்காம் நாள். எடை ஒன்றே முக்கால் கிலோ. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்கு அது போதாது என்றார் டாக்டரம்மா. கைகால் நடுக்கமும் நிற்கவில்லை. இரத்தத்தில் தொற்று ஏதும் தெரியவில்லை. காரணம் பிடிபடாததால் நாளை முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பெற்றவள் பிள்ளையின் குதிகாலைப் பார்த்தாள். இரத்தம் எடுக்க இனிக் குத்த அதில் இடமில்லை. இப்போது முதுகு.

கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு, புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டபோது பதில் சொன்னது மாமியார்தான். "எங்க வீட்டுப் பொம்பளைங்களையா கேக்குறீங்க? நல்லா கேட்டீங்க போங்க." நர்ஸும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதினாள். இவளும் சிரித்து வைத்தாள்.

ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை அவளுக்கு. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். புகை பிடிப்பவர்களுக்கு மட்டும் பின்வாசலில் பத்துப் பத்து நிமிட ஓய்வு உண்டு. மற்றவர்கள் உட்கார்ந்தால், இது என்ன மாமியார் வீடா என்பார் மேஸ்திரி. மாமியார் வீட்டில் மட்டும் உட்கார விட்டார்களாக்கும் என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். உட்காருவதற்காகவே அவள் முதல் சிகரெட்டைக் கடன் வாங்கினாள். வயிறு பெரிதாகி, கால் வீங்கியபின் தினம் இரண்டு என்றிருந்தது ஐந்தாயிற்று.

டாக்டரம்மா கிளம்பத் திரும்பினார். மாமியார் அருகிலேயே நின்று பிள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நான் சிகரெட் பிடிச்சேன்," என்றாள் அவள். "தினம் அஞ்சு. கடைசி மாசம் வரைக்கும்."

மாமியாரின் கை நின்றது. மருந்து மயக்கத்தில் உளறுகிறாள், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார் டாக்டரிடம்.

"மயக்கமெல்லாம் இல்ல அத்தை."

டாக்டரம்மா திட்டவில்லை. கடைசியாக எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டார். புகை பிள்ளைக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும், வளர்ச்சி குன்றும், நடுக்கமும் அதனால் இருக்கலாம் என்றார். முதுகு ஊசியை இரண்டு நாள் தள்ளிப் போடலாம். எடை மெல்ல ஏறும். நுரையீரலைத்தான் பல வருடம் கவனிக்க வேண்டும். பிள்ளை தூங்கும் இடத்தில் புகை கூடவே கூடாது, தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகிற ஆபத்து உண்டு.

"வீட்ல வேற யாரு பிடிக்கிறாங்க?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். தன் பங்கைச் சொல்லியாயிற்று. மாமியார் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தார்.

"என் மகன்," என்றார் கடைசியில். "ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்."

"எங்க வெச்சு?"

"கட்டில்ல படுத்துக்கிட்டே." துணியை ஓரமாக வைத்தார். "கட்டிலத் தூக்கி மொட்ட மாடில போட்டுடறேன். அவன் அங்கயே கிடக்கட்டும்."

டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டு போனார்.

மாமியார் பாலாடையைக் கழுவி, பிள்ளைக்குப் பாலைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். மருமகளிடம் மட்டும் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.