படகுத்துறையில் கடித்த எறும்பு

ரயில் கார்டு வீட்டுப் படகுத்துறை மொத்தம் பதினெட்டு அடி நீளம். ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசக் கேட்டவர்கள், அங்கே இரண்டு சரக்குக் கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொள்வார்கள். வீட்டின் பின்கதவைத் திறந்தால் ஏரி. ஏரிக்குள் நீளும் பலகைப் பாதை. அதன் முனையில் தண்ணீருக்குள் இறங்க ஓர் இரும்பு ஏணி. ஏணிக்குப் பக்கத்தில், நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவருக்காக ஒருவர் எழுந்திருக்க வேண்டிய மோட்டார் படகு. முப்பத்தைந்து வருஷம் ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டாக நின்று, போன ஊரையெல்லாம் முதுகுப் பக்கமாகவே பார்த்த மனிதர், ஓய்வு பெற்றதும் முன்னால் உட்கார்ந்து போக ஒரு வண்டிக்கு ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

துறைக்கு விளக்கு வேண்டும், படகு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பாயின்ட் வேண்டும் என்றபோது, யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வியே எழவில்லை. தங்கையின் கணவர் இருக்கிறாரே! குடும்பத்தில் அவருக்குக் ‘கரண்ட் மாப்பிள்ளை’ என்று பெயர். கடைத்தெருவில் பல்பும் வயரும் விற்கிற கடை. கடைச் சுவரில், ஜன்னல் அளவுக்குப் பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள், தங்க முத்திரை போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. உறவுக்குள் இருபத்தாறு வருஷமாக ஒரு சுவிட்சை வெளியாள் தொட்டதில்லை. தொட்டால் மாப்பிள்ளைக்கு அவமானம். மாப்பிள்ளைக்கு அவமானம் என்றால் தங்கை கண்ணைக் கசக்குவாள். தங்கை கண்ணைக் கசக்கினால் கார்டுக்கு இரண்டு நாள் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது.

மாப்பிள்ளை இரண்டே நாளில் வேலையை முடித்தார். துறையின் இரண்டு பக்கமும் நீல விளக்குகள் எரிந்தன. விண்வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியும் என்றார் கார்டு. ஒரு குறைதான். சுவிட்ச் பெட்டியில், கரண்டில் கோளாறு என்றால் தானாகவே அதை நிறுத்துகிற ட்ரிப்பர், மாலையில் விளக்கைப் போட்டுப் பத்து நிமிஷம்கூடத் தாங்காமல் ‘டக்’கென்று கீழே விழுந்துவிடும். துறையே இருண்டுவிடும்.

“மாப்ளே, மறுபடியும் படுத்துக்கிச்சு.”

“யாரு மச்சான், அக்காவா?”

“ட்ரிப்பருங்க! உங்க அக்கா காதுல இது விழுந்தா என்னைப் படுக்க வெச்சுடுவா.”

இப்படி நான்கு தடவை போன், நான்கு தடவை மாப்பிள்ளையின் வருகை. ஐந்தாவது தடவை வந்தவர் அரைமணி நேரம் பெட்டிக்குள் தலையை விட்டிருந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “இனிமே அது விழவே விழாது மச்சான். நான் கேரண்டி.”

சொன்னது சொன்னபடி நடந்தது. மழை பெய்தது, விழவில்லை. இடி இடித்தது, விழவில்லை. தெருவில் மரம் சாய்ந்து ஊரே இருட்டில் மூழ்கி, பிறகு வெளிச்சம் திரும்பியபோதும் அந்த ட்ரிப்பர் மட்டும் அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்போல் விறைத்து நின்றது. கார்டு மாப்பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அதற்கு அடுத்த வாரம்தான் எறும்பு கடிக்க ஆரம்பித்தது.

மாலையில் துறையின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு டீ குடிப்பது கார்டின் வழக்கம். ஒருநாள் கணுக்காலில் சுருக்கென்றது. எடுத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. மறுபடி விட்டார், மறுபடி சுருக். ஏணிப் பக்கம் நகர்ந்தால் எறும்புக்கூட்டமே குடும்பத்தோடு வந்து கடித்தது. தண்ணீருக்குள் ஏது எறும்பு?

மாப்பிள்ளையிடம் போனில் சொன்னார்.

“வயசாச்சுல்ல மச்சான். நரம்பா இருக்கும். டாக்டரைப் பாருங்க.”

டாக்டர் முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, கோலிக்குண்டு அளவில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கார்டு பதினான்கு நாள் அதை விழுங்கினார். கடி நிற்கவில்லை.

“மாத்திரை சாப்பிட்டும் கடிக்குதுன்னா, அந்த எறும்புக்கு ஒண்ணு குடுத்துப் பாருங்க” என்றாள் மனைவி.

ரயில் கார்டுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் மணி, நிமிஷத்தோடு எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தண்ணீரில் காலை விட்டுப் பார்த்து, கடியையும் அவர் எழுதித்தான் வைத்திருந்தார். பதினைந்தாம் நாள் காலையில் அந்த நோட்டைப் புரட்டினார். காலை 7.10, கால் தண்ணீரில், ஒன்றுமில்லை. மாலை 6.20, விளக்கு போட்டாயிற்று, கடி. காலை 7.05, ஒன்றுமில்லை. மாலை 6.40, விளக்கு, கடி. நடுவில் ஒரே ஒரு மாலை கடியில்லை. அன்று விளக்கு போட மறந்திருந்தார்.

கார்டு நோட்டை மூடிவிட்டு நாள்காட்டியைப் பார்த்தார். சனிக்கிழமை மகள் குழந்தைகளோடு வருகிறாள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. ஏரியில் பாதியைக் குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே வருவோம் என்று இரண்டும் போனில் சபதம் போட்டிருந்தன. அன்று செவ்வாய்.

படகு மோட்டார் பழுது பார்ப்பவரிடம் விசாரித்தார். “தண்ணிக்குள்ள நிக்கிற இடத்துக்கெல்லாம் லைசென்ஸ் இருக்கிற ஆள்தான் சார் வேணும். இந்தம்மாவைக் கூப்பிடுங்க” என்று ஒரு நம்பர் கிடைத்தது. கார்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, திருட்டுக் காதல் செய்பவர்போல் கிசுகிசுப்பாகப் பேசினார்.

மறுநாள் மத்தியானம் அந்தம்மா வந்தாள். நாற்பது வயதிருக்கும். ரப்பர் காலணி, தோளில் கருவிப் பை. கார்டு லைசென்ஸைக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்து, டிக்கெட்டில்லாப் பயணியைப் பார்ப்பதுபோல் அவளையும் பார்த்தார்.

“போட்டோ பழசா இருக்கே?”

“நானும் அப்ப புதுசுதான் சார்.”

பதில் பிடித்திருந்தது. துறைக்குக் கூட்டிப்போய், விளக்கைப் போட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, “இங்கதாம்மா கடிக்குது” என்று காலை விட்டுக் காட்டப் போனார்.

“சார்! காலை எடுங்க!”

முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் யாரும் அவரை அப்படி அதட்டியதில்லை. இரண்டு காலும் தாமாகவே பலகை மேல் ஏறிக்கொண்டன.

அவள் மீட்டரின் வயரை ஏணிக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறக்கினாள். முள் நகர்ந்தது. மெயினை அணைக்கச் சொன்னாள். முள் பூஜ்யத்துக்கு வந்து படுத்தது. மறுபடி போடச் சொன்னாள். எழுந்துகொண்டது. நரம்பு வியாதி கார்டுக்கு இல்லை, ஏரிக்குத்தான் என்று தெரிந்துபோயிற்று. மெயினை அணைத்துவிட்டு ஒரு பலகையைக் கழற்றினாள். அடியில், டேப் சுற்றிய வயர் இணைப்பு ஒன்று நனைந்து ஊறி, ஏணியின் காலோடு ஒட்டிக் கிடந்தது.

“சின்னப் பசங்க வருவாங்களா இங்க?”

“சனிக்கிழமை.”

“இந்த மாதிரி தண்ணியில ஷாக் அடிச்சா கத்தக்கூட மாட்டாங்க சார். கை காலு மரத்துப் போயிடும். நீந்தத் தெரிஞ்சவங்ககூட சத்தமில்லாம உள்ள போயிடுவாங்க.”

கார்டு ஏணியைப் பார்த்தார். அதில் மூன்றாவது படி வரைதான் தெரிந்தது.

“ஆனா, ட்ரிப்பர் விழவே இல்லையேம்மா?”

அவள் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தாள். “எப்படி விழும்? கரண்டு இது வழியா போகவே இல்ல. பக்கத்துல சுத்தி விட்டிருக்காங்க. வாசல்ல காவல்காரனை நிக்க வெச்சுட்டு, பின்னால சுவரை இடிச்சு வழி போட்ட மாதிரி. இது ஒழுங்கா இருந்தப்போ கசிவைப் பார்த்துதான் சார் விழுந்துக்கிட்டிருந்திருக்கு.”

“கை தவறி நடந்திருக்குமோ?”

“ரெண்டு வயரு கை தவறி இடம் மாறாது சார்.”

அப்போது பின்கதவில் செருப்புச் சத்தம். மாப்பிள்ளை. அவருக்குப் பின்னால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கார்டின் மனைவி. “நாத்தனார்கிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேங்க” என்றாள்.

“என்ன மச்சான், வெளியாளெல்லாம் வந்திருக்காப்ல?” மாப்பிள்ளை சிரித்துக்கொண்டுதான் கேட்டார். திறந்திருந்த பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

“இது நீங்க செஞ்ச வேலைங்களா? உங்க லைசென்ஸ் நம்பர் சொல்லுங்க, படிவத்துல எழுதணும்” என்றாள் அந்தம்மா.

“மச்சானைக் கேளுங்க. கடையில சட்டம் போட்டு மாட்டியிருக்கே.”

கார்டு வாயைத் திறந்தார். நம்பர் வரவில்லை. பார்சல் ரசீதில் ஓர் எழுத்து அழிந்திருந்தால் மூட்டையை வண்டியில் ஏற்றவிடாத மனிதர், இருபத்தாறு வருஷமாக அந்தச் சான்றிதழின் தங்க முத்திரையைத் தவிர வேறெதையும் படித்ததே இல்லை. மாப்பிள்ளையிடம் போய் யார் டிக்கெட் கேட்பார்கள்?

“மாப்ளே, அதுல என்ன எழுதியிருக்கு?”

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். “அது... பல்பு கம்பெனிக்காரன் குடுத்தது மச்சான். அந்த வருஷம் ரொம்ப பல்பு வித்ததுக்கு.”

“அட கடவுளே!” என்றாள் மனைவி.

“நான் எப்பவாச்சும் லைசென்ஸ்னு சொன்னேனா? நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. நான் எப்படி மறுக்கிறது?”

“சரி, அது போகட்டும். இந்த ட்ரிப்பரை ஏன் சுத்தி விட்டீங்க?”

“நீங்கதானே தினமும் போன் போட்டு உசுரை வாங்கினீங்க! எங்க கசியுதுன்னு நாலு தடவை தேடினேன். கண்டுபிடிக்கத் தெரியல.”

“தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“உங்ககிட்டயா? நீங்க என்னைப் பத்திப் பேசற பேச்சுக்கு அப்புறம், தெரியலன்னு எந்த வாயால சொல்றது மச்சான்?”

கார்டு இதற்கெல்லாம் கோபப்படவில்லை. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

“எறும்பு கடிக்குதுன்னு போன்ல சொன்னேன். அது என்னன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

மாப்பிள்ளை ஏரியைப் பார்த்தார். ஏரிக்கு அக்கரையைப் பார்த்தார்.

“கொஞ்சம்தானே கசியுது, பெரியவங்களை ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்.”

“சனிக்கிழமை யார் வர்றாங்கன்னு தெரியுமா?”

“தெரியும். அதுக்குள்ள எப்படியாவது சரி பண்ணிடலாம்னுதான்...”

பதினான்கு மாத்திரை. நாளுக்கொன்றாக, மாப்பிள்ளையின் அக்கறையை மெச்சிக்கொண்டே விழுங்கியது. ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற கார்டு அன்று குதிக்கவில்லை. மாப்பிள்ளை கிளம்பியபோது, இருபத்தாறு வருஷப் பழக்கம் காலில் ஊறியிருந்ததால், வாசல் வரை கூடவே போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். “போயிட்டு வாங்க” என்றும் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தபோது அந்தம்மா துறையின் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். “நாளைக்கு எல்லாத்தையும் உருவிப் புதுசா இழுத்துடறேன். வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும். முள் ஜீரோவுல நின்னாத்தான் கையெழுத்துப் போடுவேன். அதுவரைக்கும் யாரும் ஏணியைத் தொடாதீங்க.” பையை மூடினாள். மூடிவிட்டுக் கேட்டாள்: “இவர் வேற எங்கல்லாம் வேலை செஞ்சிருக்கார் சார்?”

கார்டு பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். எந்த உறவுக்காரர் வீட்டில் சுவர் எழும்பினாலும் சாந்து காய்வதற்குள் போய் நின்று, ‘நம்ம மாப்ளே இருக்காரு’ என்று சொன்னவர் யார்? நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். பெரியப்பா மகன் வீடு. சித்தி வீடு. சம்பந்தி வீடு. பதினேழு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாகத் தங்கையின் வீட்டை எழுதினார். பாவம், எல்லாரையும்விட ஆபத்தில் இருப்பவள் அவள்தானே. அந்த மனிதரோடேயே குடியிருக்கிறாள்.

முதல் போன் அவளுக்கு.

“அம்மாடி, நான் சொல்றதைப் பதறாமக் கேளு. உங்க வீட்டு வயரிங்கை முழுசா பார்க்கணும். நாளைக்கு ஆள் அனுப்பறேன்.”

“எங்க வீட்டுக்கு எதுக்குண்ணா?” தங்கையின் குரலில் ஏற்கெனவே அழுகை இருந்தது. “அவரை ஒரு வெளியாள் முன்னாடி நிக்க வெச்சுக் கேள்வி கேட்டது போதாதா?”

“உன் உசுருக்காகத்தான் சொல்றேன். அவர் செஞ்ச வேலை...”

“எங்க வீட்டுல அவர் செய்யலைண்ணா.”

கார்டுக்குப் புரியவில்லை. “என்னது?”

“கட்டும்போதே லைசென்ஸ் உள்ள ஆளைக் கூட்டிட்டு வந்துதான் செஞ்சாங்க. புள்ளைங்க புழங்கற வீடு, நான் கை வெக்கமாட்டேன்னுட்டாரு.” கொஞ்சம் நிறுத்தினாள். “உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு நானும் சொல்லல.”

“எத்தனை வருஷமாச்சு?”

“இருக்கும்ணா, ஒரு இருபது.”

அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கார்டு போனை வைத்துவிட்டார். பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தார். பத்திரமான ஒரே வீடு. சம்பந்தி வீடு என்று எழுதிய வரியில் கண் நின்றது: மகள் குடியிருக்கும் வீடு. சம்பந்தி வேறு ஆளை வைக்கலாம் என்றபோது, தாமே போய் நின்று, வாதாடி ஜெயித்துக் கொடுத்த வீடு.

மகள் எடுத்ததும், பின்னால் குழந்தைகள் இரண்டும் கத்துவது கேட்டது.

“முதல்ல மெயினை ஆஃப் பண்ணும்மா.”

“ஏம்ப்பா? நம்ம மாமா போட்ட வயரிங்தானே? நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?”

“ஆமாம்மா. நான்தான்” என்றார் கார்டு. “ஆஃப் பண்ணிட்டியா?”