கோயிலுக்குப் பின்னால் மருந்து ரூம்

எங்கள் வீட்டுச் சுவருக்கும் மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபையின் கோயிலுக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகலாம். கோயிலின் பின்பக்கம், அந்த இடைவெளியை ஒட்டி, புதிதாக ஓர் அறை எழும்பியிருந்தது. கட்டியவர் கொத்தனார் சோணைமுத்து. "மருந்து ரூமு கட்டுறேன்" என்று அவர் டீக்கடையில் சொன்னாராம்.

எங்கள் ஊரில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்து. காய்ச்சலுக்குக் குடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"பாத்தியாடி, நாலு பக்கமும் கதவு. அம்புட்டும் வெளிய தெறக்குது. கரண்டு வயரு ஒண்ணு இழுக்கல. எங்க கம்பெனி மருந்து ஷெட்டு மாதிரியேல்ல இருக்கு. செபம் பண்ணவா இது?" என்றாள் அம்மா. அவள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பாண்டிலட்சுமி சித்தி, அம்மாவின் தங்கை, செத்தது கம்பெனியில் அல்ல. யாருக்கும் தெரியாமல் வெடி சுற்றிய ஒரு வீட்டில். வெடித்ததில் பக்கத்து வீடும் சேர்ந்து போனது.

"பாஸ்டர் அப்படிப்பட்டவர் இல்லம்மா."

"பாக்க எல்லாரும் நல்லவுகளாத்தான் இருப்பாக. கெமிஸ்ட்ரி படிச்சவதான நீ? போய் மோந்து பாத்துட்டு வா. மருந்தா இருந்தா தாலுகா ஆபீசுக்குப் போன் போடுறேன்."

எனக்குப் புது ஆட்களிடம் பேச்சு வராது. ஆனாலும் போனேன்.

பாஸ்டர் ஞானராஜ் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். கேட்க வேறு எதுவும் தோன்றாமல், "இந்தக் கோயில் எப்பக் கட்டுனது?" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார்.

முதலில் இது ஓலை போட்ட ஒற்றை அறையாம். "ஒரே கதவு. சனம் உள்ளயே வரல. வெளிய நின்னு பாடிட்டுப் போயிரும். பூரா பட்டாசு வேலைக்குப் போற சனம்லா. ஒத்தக் கதவுன்னா உக்காராது."

ஓடு போட்டபோது தெற்கே ஒரு கதவு. கூட்டம் பெருகி மேற்கே இழுத்துக் கட்டியபோது இன்னும் இரண்டு. பிரசங்க மேடைக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது.

"இது யாருக்கு?"

"எனக்குத்தாம்மா. பிரசங்கம் நீண்டா சனம் அடிக்க வரும்லா."

நான் சிரிக்கவில்லை. எல்லாக் கதவிலும், கை படும் உயரத்தில், சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு. பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பவுடர். வேலை முடிந்து நேராகச் செபத்துக்கு வருகிறவர்களின் கையிலிருந்து ஒட்டியிருக்கலாம். அல்லது உள்ளேயே வேலை நடக்கலாம்.

"புது ரூமு?"

பூட்டைத் திறந்தார். அறை முழுக்க பட்டாசுப் பெட்டிகள். ராக்கெட் படம் போட்ட அட்டைப் பெட்டிகள். எனக்குக் கால் வாசலைத் தாண்டவில்லை.

"பயந்துட்டியா? சும்மா கெடைக்கிற அட்டை வேற என்ன இருக்கு நம்ம ஊர்ல?" ஒன்றைப் பிரித்தார். மாத்திரை அட்டைகள், கட்டுத் துணி, களிம்பு. அடுத்ததை நானே பிரித்தேன். அதிலும் அதுதான். டெட்டால் வாசனை, கந்தக நெடி இல்லை. மாதம் ஒரு தடவை ஒரு டாக்டரம்மா வரப்போகிறாராம். "சோணைமுத்துகிட்ட மருந்து ரூமுன்னு சொன்னேன். அவருக்குப் பட்டாசு ஷெட்டுதான் கட்டத் தெரியும்."

வீட்டுக்கு வந்ததும், "மாத்திரைதாம்மா" என்றேன். அம்மா கையில் போன் இருந்தது.

"இம்புட்டு நேரமா நீ வரல. உள்ள என்னமோ ஆச்சுன்னு பயந்து தாலுகா ஆபீசுக்குப் போட்டுட்டேன்."

மதியம் தாலுகா ஆபீஸ் ஜீப் வந்தது. பெட்டிகளைப் பிரித்தார்கள், மூடினார்கள். ஆனாலும் கட்டடத்துக்கு அனுமதி பார்க்க வேண்டும் என்று அறைக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

பாஸ்டர் எங்கள் வாசலுக்கு வந்தார். "காலைல கோயில் கதை கேட்டியே தாயி. ரூமையும் பாத்துட்டுப் போனியே. இதுக்குத்தானா?"



அம்மா முன்னால் வந்தாள். "அவ இல்லய்யா. போன் போட்டது நானு. என் தங்கச்சிய அப்படித்தான் வாரிக் குடுத்தேன்."

"சரிம்மா" என்றார் அவர். அம்மாவிடம்தான் சொன்னார். கண் மட்டும் என்னை விட்டு நகரவில்லை.